ஒரே விடியலில் இரண்டு அழைப்புகள்

தனலெட்சுமி பினாங்கில் பிறந்தவள். அவளுடைய தகப்பனார் நகரசபையின் சாலை வேலையில் இருந்தவர். டத்தோ கிராமாட்டில் சாலைத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் அவள் பிறந்தாள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பின்பும் அந்த வட்டாரத்தை விட்டு அவள் அகலவில்லை. பெரியவர்கள் "ஊர்" என்று சொல்லும்போது அது கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதைக் காணவேண்டும் என்று அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

அவளை மணந்துகொண்ட நல்லமுத்து அந்த ஊரிலிருந்து வந்தவர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தவர். மீசை அரும்பும் வயதில் கப்பலேறி வந்து, தொங்கான் படகுகளில் வேலைக்கு அமர்ந்தார். கப்பல்கள் கரையை ஒட்டி வராமல் நடுக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அவற்றுக்கும் கரைக்கும் இடையே சரக்கைக் கொண்டுபோய்க் கொண்டுவருவன தொங்கான்கள். கம்பெனியில் மாதச் சம்பளம். குடிப்பழக்கம் கிடையாது. பாட்டுப் பாடும் பழக்கம் மட்டும் உண்டு, ராகம் வராது.

மாலையில் அவர் வாசலில் கால் வைக்கும்போதே அன்றைய சரக்கு என்னவென்று தனலெட்சுமி சொல்லிவிடுவாள். மிளகு என்றால் தும்மல் வரும். கொப்பரை என்றால் முகம் மலரும். கருவாடு என்றால், "அங்கேயே நில்லுங்க, தண்ணி கொண்டாறேன்" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"கவர்னர் தொரை வந்தாலும் இப்படித்தான் வாசல்ல நிக்க வெப்பியா?"

"அவரும் கருவாட்டு மூட்டை தூக்கிட்டு வந்தா நிக்கத்தான் வேணும்."

இப்படியே சில ஆண்டுகள் போயின. நவமணி என்றொரு பெண் குழந்தை பிறந்தது.

தொங்கான் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சகாய சங்கம் வைத்திருந்தார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்திருந்த சங்கம் அது. முகம்மது சுல்தான் தலைவர். கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, ஆடு, கோழி கொண்டுபோய்க் கொடுக்கும் வணிகர். இளமையில் தாமும் தொங்கானில் மூட்டை சுமந்தவர். எல்லாரும் அவரை உரிமையோடு "பாய்" என்று அழைத்தார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை மாதந்தோறும் சங்கத்துக்குச் செலுத்திவர வேண்டும். எவருக்கேனும் வேலை போய்விட்டால், வேறு வேலை கிடைக்கும் வரையில் அவர் வீட்டு அடுப்பு அணையாமல் சங்கம் பார்த்துக்கொள்ளும். வேலையிழந்தவனுக்கு உதவ அந்தத் தீவில் அக்காலத்தில் சர்க்காரின் ஏற்பாடு ஒன்றும் கிடையாது. சங்கம் ஒன்றுதான் கதி.

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. சகாயம் பெறுகிறவர் நாள்தோறும் காலை ஆறு மணிக்குச் சங்கக் கொட்டகையில் வந்து நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள், "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அடிக்கடி வராமற்போனால் சகாயம் நின்றுவிடும். முன்பு ஒருவர் புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிச் சம்பாதித்துக்கொண்டே இங்கே சகாயமும் வாங்கிவந்தது அம்பலமானபோது ஏற்பட்ட விதி இது. வேலை உள்ளவன் விடியற்காலையில் வேலைக்குப் போயிருப்பான். வேலை இல்லாதவன்தான் அந்நேரத்தில் கொட்டகையில் நிற்க முடியும். இவ்வளவு தெளிவான விதியில் குறைசொல்ல என்ன இருக்கிறது? நல்லமுத்துவும் அதற்குக் கை தூக்கியவரே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்தன. கப்பல்கள் குறைந்தன. தொங்கான் கம்பெனி மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டது. ஆளை விலக்கியதாகக் கம்பெனி சொல்லவில்லை. இனி அன்றாடக் கூலி என்றது. காலையில் எல்லாரும் துறையில் வந்து நிற்க வேண்டும். தண்டல் எனப்படும் கூட்டத்தலைவர் வந்து, அன்றைக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரைக் கைகாட்டிப் பொறுக்கிக்கொள்வார். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். தண்டல் துறைக்கு வரும் நேரமும் காலை ஆறு மணி.

முதல் வாரத்திலேயே நல்லமுத்துவுக்கு இது உறைத்துவிட்டது.

"ரெண்டும் ஆறு மணிக்கா?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

"ரெண்டும் ஆறு மணிதான். துறைக்குப் போனா கொட்டகையில ஆளில்ல. கொட்டகைக்குப் போனா துறையில ஆளில்ல. என்னை ரெண்டா அறுத்து ஒவ்வொரு பக்கமும் ஒண்ண அனுப்பு."

"எந்தப் பாதிக்குச் சோறு போடறது?"

"ரெண்டும் கேக்கும்."

சிரித்தார்கள். அந்த நாள்களில் இன்னும் சிரிக்க முடிந்தது.

வேலை தேடிப் போனவனுக்குச் சகாயம் இல்லை. சகாயத்துக்காக நின்றவனுக்கு வேலை இல்லை. சங்கத்தின் விதி மாதச் சம்பளக் காலத்தில் பிறந்தது. அந்தக் காலம் போய்விட்டது. விதி மட்டும் நின்றுகொண்டிருந்தது. நல்லமுத்து இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்பார். யோசித்ததை மனைவியிடம் சொல்லிப் பார்ப்பார். அவள் குறுக்கே கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் மறுநாளும் யோசிப்பார். கடைசியில் இரண்டு மாற்றங்கள் போதும் என்ற முடிவுக்கு வந்தார். பெயர் கூப்பிடுவதை மாலைக்கு மாற்ற வேண்டும். துறையில் நின்றும் தண்டல் கைகாட்டாமல் திரும்பியவனை அந்த ஒரு நாளைக்கு வேலையிழந்தவனாகக் கொள்ள வேண்டும்.

அடுத்த வைகாசியில் சங்கம் கூடியது. கூட்டத்துக்குத் தேநீர் கொடுத்தனுப்பியவர் ஹபீபா பீவி. சூலியா தெருவில் சோற்றுக்கடை வைத்திருந்த விதவை அவர். டத்தோ கிராமாட்டில் அவருக்கு விசாலமான பலகை வீடு. அந்த வீட்டில் மசாலா இடிக்கத் தனலெட்சுமி போய்வருவாள். அன்று தேநீரோடு அவளையும் அனுப்பியிருந்தார். ஆகையால் கொட்டகையின் பின்புறத்தில் கோப்பை கழுவிக்கொண்டே, பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லையும் அவள் கேட்டாள்.

நல்லமுத்து தம் இரண்டு மாற்றங்களையும் சொல்லி முடித்ததும், சங்கத்தின் காரியதரிசி சந்திரசேகரன் எழுந்தார். அவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. "ஒரு நாள் வேலைக்குப் போவீங்க, மறுநாள் சகாயம் கேப்பீங்க. இது சங்கமா அண்ணே, சத்திரமா?" என்றார். கொட்டகை சிரித்தது.

"இன்னைக்குச் சாப்பிட்டவனுக்கு நாளைக்குப் பசிக்காதுன்னு யாரு சொன்னா, கிராணியாரே?" என்றார் நல்லமுத்து. இன்னும் பெரிதாகச் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "நாம விதி எழுதினப்ப மனுசனுக்கு வேலை இருக்கும், இல்ல இருக்காது. இப்ப அப்படியா பாய்? திங்கக்கெழம இருக்கு, செவ்வாக்கெழம இல்ல. நான் வேலைக்குப் போகாம வீட்ல படுத்துக் கெடக்கல. போய்த்தான் நிக்கிறேன். என்னைக் கூப்பிடல. கூப்பிடாத அன்னைக்கு நான் யாரு? வேலை உள்ளவனா, இல்லாதவனா? அத மட்டும் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தனலெட்சுமி ஒரு கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அது அவள் கேட்ட கேள்வி. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் கேட்டதை அவர் சபையில் கேட்டுவிட்டார்.

சுல்தான் தாடியைத் தடவிக்கொண்டார். "நியாயமாத்தான் பேசுறே. ஆனா விதியை நின்ன நெலயில மாத்தக் கூடாதுப்பா. ஆவணிக் கூட்டத்துல ஓட்டுக்கு விடுறேன். நானே முன்ன நின்னு பேசுறேன். அது வரைக்கும் பழைய விதிதான். பொறுத்துக்க."

ஆவணி வரையில் பொறுப்பது என்பதைத்தான் அந்தக் குடும்பம் செய்ய வேண்டியிருந்தது. நல்லமுத்து சில நாள் துறைக்குப் போனார், சில நாள் கொட்டகைக்குப் போனார். எங்கே போனாலும் மற்ற இடத்தின் நினைப்பாகவே இருந்தார். துறையில் தண்டலின் கை அவர் பக்கம் நீண்டது குறைவு. கொட்டகையில் அவர் பெயருக்கு மறுமொழி இல்லாத காலைகளும் கூடிக்கொண்டே வந்தன.

தொங்கானில் அவரோடு நெடுங்காலம் வேலை செய்தவர் ராமதாஸ். பாரந்தூக்கிச் சங்கிலியில் வலக்கை நசுங்கி, அப்போது சகாயத்தில் இருந்தவர். ஆகையால் நாள் தவறாமல் கொட்டகைக்கு வருவார். அவர் ஆடி மாதத்தில் ஒரு காலையில் செய்ததைப் புரிந்துகொள்ளத் தொங்கான்காரர்களின் வழக்கமொன்றைச் சொல்லியாக வேண்டும்.

மாதச் சம்பளக் காலத்தில், ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டு வரமுடியாமற்போனால், தண்டல் பெயர் கூப்பிடும்போது கூட்டாளி ஒருவன் அவனுக்காகக் குரல் கொடுப்பான். அவன் பங்கு மூட்டைகளை மற்றவர்கள் சுமந்துவிடுவார்கள். தண்டலுக்கும் தெரியும், காதில் விழாதது போல இருந்துவிடுவார். எப்போதாவது மேலதிகாரி கண்டுபிடித்துவிட்டால், யாருடைய பெயரோ அவன்தான் தண்டனையை ஏற்க வேண்டும். "நான்தான் சொல்லி வெச்சேன்" என்பான்; அரை நாள் கூலி போகும்; அத்தோடு முடிந்தது. குரல் கொடுத்தவனை அவன் காட்டிக்கொடுக்கக் கூடாது. குரல் கொடுத்தவனும் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை மீறியவனோடு எவனும் ஒரே தொங்கானில் ஏறமாட்டான்.

அன்று காலை துறையில் தண்டலின் கை நல்லமுத்துவைக் காட்டியது. ரங்கூனிலிருந்து அரிசிக் கப்பல் வந்திருந்தது. அதே நேரத்தில் கொட்டகையில் அவர் பெயர் கூப்பிடப்பட்டது. ராமதாஸுக்குத் தெரியும், அந்த வாரத்தில் இன்னொரு நாள் தவறினால் நல்லமுத்துவின் சகாயம் நின்றுவிடும் என்று. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நாக்கு தானாகப் புரண்டது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, "இருக்கேன்!" என்றது ஒரு குரல்.

சுல்தான் அன்று காய்கறிக் கூடைகளோடு அதே அரிசிக் கப்பலுக்குப் போயிருந்தார். கீழே தொங்கானில் நல்லமுத்து மூட்டை தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் ஏணியில் நின்றபடியே, "இன்னைக்கு யோகந்தான் போலருக்கே!" என்று கூவினார்.

"இனிமே தெனம் உங்க மொகத்துல முழிக்கிறேன் பாய்!"

கரைக்குத் திரும்பிய சுல்தான் அந்த மகிழ்ச்சியோடுதான் அதைச் சந்திரசேகரனிடம் சொன்னார். சந்திரசேகரன் புருவத்தைச் சுருக்கினார். "துறையிலயா? காலையில கொட்டகையில குரல் கொடுத்தாரே பாய்!"

மாலையில் ராமதாஸ் கட்டுப்போட்ட கையோடு டத்தோ கிராமாட்டுக்கு ஓடிவந்தார். மறுநாள் நிர்வாகக் குழு கூடுகிறது என்ற செய்தி அதற்குள் பரவியிருந்தது.

"யாரு கேட்டா உன்னை?" என்றார் நல்லமுத்து.

"யாரும் கேக்கல. வாய் தானா வந்துருச்சு."

"கை போனாலும் வாய் போகல உனக்கு." சொல்லிவிட்டு நல்லமுத்து சிரிக்கவும் செய்தார். ராமதாஸ் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

தனலெட்சுமி கணவரின் முன் வந்து நின்றாள். "நாளைக்குப் போயி உள்ளத உள்ளபடி பாய்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லி வெக்கல. உங்களுக்கு அது தெரியவே தெரியாது."

"அது முடியாது லெச்சுமி."

"ஏன் முடியாது?"

"எனக்காகத்தான குரல் கொடுத்தான்? அவனைக் கைகாட்டிட்டு நான் நாளைக்கு யார் மொகத்தப் பாக்கறது? அவனுக்குக் கையும் இல்ல. சகாயமும் நின்னா அவன் பிள்ளைங்க என்ன செய்யும்?"

"நம்ம பிள்ள?"

நல்லமுத்து நவமணியின் பக்கம் பார்த்தார். "பாய்க்கு என்னைத் தெரியும். கொஞ்ச நாள் ஒதுக்கி வெப்பாங்க. அரை நாள் கூலி மாதிரிதான். நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காத."

அவர் செய்த பிழை அதுதான். கொட்டகையைத் தொங்கான் என்று நினைத்துவிட்டார்.

குழுவின் முன் நின்று, "நான்தான் சொல்லி வெச்சேன். யாருன்னு கேக்காதீங்க" என்றார். தண்டல் ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தச் சொற்களின் பொருள் அவருக்கு விளங்கியிருக்கும். சுல்தான் தொங்கானை விட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. அவருக்கு விளங்கியது வேறு. விதியை மாற்றச் சொல்லிச் சபையில் நியாயம் பேசியவன், மறைவில் அதே விதியை ஏய்த்திருக்கிறான். "ஆவணியில உனக்காகப் பேச இருந்தேனே நல்லமுத்து! என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன என்று பின்பு ராமதாஸ் சொன்னார்.

நல்லமுத்து சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆவணிக் கூட்டத்தில் மாற்றம் ஓட்டுக்கு வந்தபோது, காலையிலேயே ஏமாற்றுகிறவர்கள் மாலையில் என்னதான் செய்யமாட்டார்கள் என்று சந்திரசேகரன் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர் சபையில் இல்லை. ராமதாஸ் இருந்தார், கட்டுப்பாட்டைக் காத்து வாய்மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு கையும் மேலே எழவில்லை.

அதன் பிறகு வந்தவை எல்லாம் வேகமாக வந்தன. துறையில் கப்பல் இல்லாத நாள்கள் மிகுந்தன. வாடகை தர முடியாமல் வீட்டைக் காலிசெய்யும் நிலை வந்தது. வேலையில்லாத தமிழர்களை இலவசமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புகிறோம் என்று சர்க்கார் அறிவித்திருந்தது. அந்தச் சீட்டு ஒன்றுதான் வேலையிழந்தவனுக்குச் சர்க்கார் நீட்டிய கை.

ஹபீபா பீவி தனலெட்சுமியை அழைத்தார். "அடுப்படிக்குப் பக்கத்துல ஒரு அறை இருக்கு புள்ள. நீயும் நவமணியும் வந்து இருங்க. சோறு நான் போடறேன், மசாலா நீ இடி." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன் வீட்டுக்காரர ஒண்ணும் செய்ய முடியலையே. பொம்பளைங்க மட்டும் இருக்கிற வீடு இது. ஊரு என்ன பேசும்?"

அவர் சொன்னதில் தவறில்லை என்பது தனலெட்சுமிக்குத் தெரிந்திருந்தது. அதனால் வலி குறையவில்லை.

"நானும் கூட வர்றேன்" என்றாள் அன்று மாலை கணவரிடம்.

"எங்க வருவே? எனக்கே அங்க யாரும் இல்ல. அண்ணன் ஒருத்தன் இருக்கான். நான் செத்தேனா இருக்கேனான்னு கேக்காதவன். அவன் வாசல்ல மூணு பேராப் போயி நிக்கவா?"

"அப்ப நீங்களும் போகாதீங்க."

"இங்க இருந்தா கடைவாசல்ல படுத்துக்கிட்டு, உனக்குப் போடற சோத்துல பாதியத் திருடிக் கொண்டான்னு சொல்லணும்."

"சொல்லுங்க. நான் கொண்டாறேன்."

நல்லமுத்து அவள் தலையில் கை வைத்தார். "ஒரே ஒரு நல்ல காலம் வரட்டும் லெச்சுமி. நாலு கப்பல் கூட வந்துச்சுன்னு கேட்டாப் போதும். நீந்தியாவது வந்துடறேன்."

புரட்டாசியில் கப்பல் புறப்பட்டது. பயணிகளைக் கப்பலுக்குக் கொண்டுபோனதும் தொங்கான்தான். துடுப்புப் போட்டவர்கள் அவரை அறிந்தவர்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படகில் ஏறுமுன் அவர் குழந்தையைத் தூக்கி முத்தமிட்டார். அவர் சட்டையில் மிளகு, கொப்பரை, கருவாடு எதன் வாடையும் அன்று இல்லை என்பதைத் தனலெட்சுமி கவனித்தாள். துவைத்த துணியின் மணம் மட்டும் இருந்தது. அது யாரோ அயலானுடைய மணம் போல அவளுக்குப் பட்டது. படகு நகர்ந்ததும் அவர் வாயசைவதைக் கண்டாள். பாடினாரா, ஏதேனும் சொன்னாரா, தெரியவில்லை. காற்று மறுபக்கம் வீசியது.

அதன்பின் அவள் மசாலா இடித்தாள். பேச்சுக் குறைந்துபோயிற்று. ஆனால் ஒன்று அவளை உறங்கவிடவில்லை. கணவர் அவளை வாய் திறக்காதே என்றது அவர் கூட்டாளிகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்ததால். இப்போது அவர் யார் முகத்தையும் பார்க்கப் போவதில்லை. கார்த்திகைப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் ராமதாஸின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உள்ள வா தங்கச்சி."

"வேணாம் அண்ணே. நீங்க வாய் திறக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு. சரி. யாரக் காப்பாத்த அந்தக் கட்டுப்பாடு? அவரு போயாச்சு. அவரு பேருக்கு ஒரு கறை மட்டும் இங்க கெடக்கு. அதையும் நீங்க காப்பாத்திக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

கூட்டத்தில் ராமதாஸ் எழுந்தார். அவர் கை அப்போது ஓரளவு தேறி, அவரும் துறைக்கும் கொட்டகைக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டிருந்தார். "ஆடியில குரல் கொடுத்தது நான். அந்த மனுசனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் வாயில அறைஞ்சிருப்பாரு. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு பழி ஏத்துக்கிட்டாரு. இப்ப என்னை நீக்குங்க. ஆனா வைகாசிக் கூட்டத்துல அவரு சொன்ன நியாயம் பொய்யில்ல."

"எனக்கு அந்த வழக்கம் தெரியும். நானும் தொங்கான்ல இருந்தவன்தானே. எப்படி மறந்தேன்?" என்று சுல்தான் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அந்தக் கூட்டத்திலேயே மாலை அழைப்பு நிறைவேறியது. தண்டல் கைகாட்டாத நாளும் வேலையில்லாத நாளே என்பதும் நிறைவேறியது. அதைச் சபையில் முன்மொழிந்தவர் சந்திரசேகரன். நல்லமுத்துவை மறுபடி உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவும் ஒருமனதாக முடிவாயிற்று.

மறுநாள் சுல்தான் ஹபீபா பீவியின் வீட்டுப் பின்வாசலில் வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றார். "தங்கச்சி, எங்க மேலதான் குத்தம். என்கூட வியாபாரம் செய்யற ஷேக் அலாவுதீன் சரக்கெடுக்க நாகூர் போறாரு. அங்கேர்ந்து ஊருக்கே போயி ஆளைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். கப்பல் செலவு சங்கத்தோடது. இனி அவரு வந்து துறையில நின்னாப் போதும். பாக்கிய நாங்க பாத்துக்கறோம்."

அவர் போன பிறகு தனலெட்சுமி உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதாள். நவமணி ஓடிவந்து, "அப்பா வருதா?" என்று கேட்டது. "வருது" என்றாள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதென்று அவள் வேண்டிக்கொண்டாள். அவர் நல்லபடியாகக் கடல் தாண்டி வந்துசேர வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். குடத்துக்குப் பாலை ஹபீபா பீவி கொடுத்தார். "நான் மலைக்கு வர மாட்டேன் புள்ள. என் வீட்டு மாட்டுப் பாலு வருது, போதும்" என்றார். தனலெட்சுமி மஞ்சள் பூசிக் குளித்து, மஞ்சள் சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, குடத்தைத் தலையில் ஏந்தி வெறுங்காலோடு நடந்தாள். மலைப்படி ஏறும்போது களைப்பே தெரியவில்லை. கல்யாணப் பெண்ணைப் போல இருந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மாசி பிறந்து சில நாள்களில் ஷேக் அலாவுதீன் திரும்பி வந்தார். தனியாக வந்தார். பின்வாசலில் அவரைக் கண்டதும் தனலெட்சுமி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உக்காரு தங்கச்சி" என்றார் அவர்.

அவள் உட்காரவில்லை.

"காய்ச்சலாம். அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டில்ல இருந்திருக்காரு. ஊர்க்காரங்கதான் எடுத்துப் போட்டிருக்காங்க. நான் போறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுருச்சு."

"எப்ப?" என்றாள்.

"ஐப்பசி அடைமழையிலன்னாங்க. நாள் தெரியல."

ஐப்பசியில். சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது கார்த்திகையில். தனலெட்சுமியின் மனம் கார்த்திகையில் நிற்கவில்லை. தையில் போய் நின்றது. அவள் மெல்ல ஹபீபா பீவியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, பூசத்துக்கு நான் பூ வெச்சுக்கிட்டுப் போனேனே" என்றாள். "தலை நெறைய வெச்சுக்கிட்டுப் போனேனே. அப்ப அவரு இல்லையே அக்கா. அப்ப நான் யாருக்கு..."

ஹபீபா பீவி அவளைத் தம் மார்போடு அணைத்துக்கொண்டார்.

மறுநாள் கருமாதிக்கு நாள் குறிக்கப் பண்டாரம் வந்தார். சுல்தானும் ராமதாஸும் சந்திரசேகரனும் முற்றத்தில் ஒதுங்கி நின்றார்கள். இறந்த நாள் எது என்று பண்டாரம் கேட்டார். தெரியாது என்றார்கள். பண்டாரம் சிறிது யோசித்தார். "நாள் தெரியலன்னா, சேதி காதுல விழுந்த நாளையே செத்த நாளா வெச்சுக்கலாம். அதுக்கு இடமிருக்கு. நேத்துக்குன்னு வெச்சு நடத்திடலாமா?" என்று தனலெட்சுமியைக் கேட்டார்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள்.

"அப்படியே வெச்சுக்குங்க சாமி" என்றாள். "நேத்து வரைக்கும் இருந்தாருன்னே வெச்சுக்குங்க. பூசத்தன்னைக்கு அவரு இருந்தாரு."